பதினோராம் பக்கத்து வசனம்

அந்த வசனம் பதினோராம் பக்கத்தின் நடுவில் இருந்தது. பேராசிரியர் அமரதுங்க இப்போதுதான் ஆறாம் பக்கத்தைப் புரட்டினார். காதுக்குள் அவருடைய ஆங்கிலம், வாயில் தன்னுடைய தமிழ், இரண்டுக்கும் நடுவில் அரை மூச்சு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்தான் மாதுமை இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறாள். வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது, முப்பத்தொன்றாம் ஆண்டு டொனமூர் அரசியல் யாப்பு இந்தத் தீவின் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தடவையில் வாக்குரிமை கொடுத்தது, ஆண்ட வெள்ளையர்கள் எழுதித் தந்த கடதாசிகளில் அது ஒன்றுதான் கேட்டவர்களையே திகைக்க வைத்தது, என்று. மனம் அங்கே இல்லை. மனம் மூன்றாம் வரிசையின் ஓரக் கதிரையில், வெள்ளைச் சேட்டும் கறுத்த ஹெட்போனுமாக நிமிர்ந்திருந்த தொண்ணூற்றொரு வயது மனிதரின் இடது கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. உரைபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டைப் பக்கச் சுவரோடு வைத்திருந்தார்கள், அதனால் அப்பாவின் பாதி முகம்தான் தெரிந்தது. பாதி போதும். அந்தப் பாதியில் எந்தத் தசை எதற்கு அசையும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் ஹெட்போன் கொடுக்கும் மேசையில் அவர் ஒரு சின்ன நீதிமன்றமே நடத்தி முடித்திருந்தார். ஹெட்போனுக்குப் பிணையாக அடையாள அட்டையைத் தரச் சொன்ன பெண்ணிடம், "வாங்கிறதுக்கு என்ன பிரமாணம் பிள்ளை?" என்று கேட்டு, அவள் விழித்து, கடைசியில் ஒரு துண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் அட்டை கைமாறியது. "அப்பா, உங்களுக்கு இது தேவையில்லை, இங்கிலீசிலையே கேக்கலாம்" என்று மாதுமை சொல்லிப் பார்த்தாள். "அவர்ரை இங்கிலீசைக் கேக்கவோ நான் திருகோணமலையிலை இருந்து பஸ் ஏறினனான்? உன்ரை வேலையைக் கேக்க வந்தனான். கொண்டா அதை." அவள் லண்டனிலிருந்து திரும்பி வந்து நாலு வருடம். அவளுடைய வேலையைக் கேட்க அவர் வருவது இன்றுதான் முதல்தடவை. அவள்தான் கூப்பிட்டாள். பழைய யாப்புகளைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு, கொழும்பிலை, வாறியளோ என்று. பேச்சின் எழுத்துப்பிரதி இன்று காலை கைக்கு வருமுன்னரே கூப்பிட்டுவிட்டாள்.

ஏழாம் பக்கம். சோல்பரி யாப்பு. நாற்பத்தாறாம் ஆண்டு மே மாதம், லண்டன் மாளிகையில் மன்னரும் ஆலோசகர்களும் கூடியிருந்து பிறப்பித்த ஓர் ஆணை, இந்த நாட்டை இருபத்தாறு வருடம் ஆண்டது, என்று வாய் சொன்னது. இனி வரப்போவது இருபத்தொன்பதாம் பிரிவு, அதன் இரண்டாம் உட்பிரிவு. அதை உரைபெயர்க்க அவளுக்குப் பிரதி தேவையில்லை, காது தேவையில்லை. ஒரு சமூகத்தவருக்கு விதிக்காத தடையை இன்னொரு சமூகத்தவருக்கு விதிக்கலாகாது. ஒரு சமூகத்தவருக்கு வழங்காத சலுகையை இன்னொரு சமூகத்தவருக்கு வழங்கலாகாது. அப்படி ஒரு சட்டம் ஆக்கினால் அது செல்லாது. திருகோணமலை வீட்டில் அது சட்டமாகவா இருந்தது, விளையாட்டு விதியாக அல்லவா இருந்தது. தம்பிக்குப் பெரிய மாம்பழத் துண்டு போனால் அவள் கத்துவாள், "இருபத்தொம்பது ரெண்டு!" தம்பியை மட்டும் படத்துக்கு விட்டால், "இருபத்தொம்பது ரெண்டு!" அம்மா அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவா. "பொம்பிளைப் பிள்ளை வாய் காட்டாதை." அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மறுமொழி சொல்லு, அவள் சட்டம் பேசுறாள்" என்பார். அம்மா அகப்பையை இறக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புவா. மாதுமை படத்துக்குப் போவாள். அந்த வயதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை, நாடு என்பது அப்பா போன்ற ஒருவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து நடத்துவது. அந்தப் பிரிவு அவள் பிறப்பதற்கு ஐந்து வருடம் முந்தியே இல்லாமற் போய்விட்டது, எழுபத்திரண்டில் புதுயாப்பு எழுதியவர்கள் அதை எடுத்து வரவில்லை என்பது பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. செத்துப்போன சட்டத்தை வைத்தா மாம்பழம் வெட்டினோம் என்று கேட்டதற்கு, "எங்கடை வீட்டிலை ஆர் அதை நீக்கினது? ஒருத்தரும் நீக்கேல்லையே" என்றார் அப்பா. அதற்கு மேல் அந்தக் கதை இல்லை. பேராசிரியர் இப்போது அந்த உட்பிரிவை வாசித்தார், அவள் அவருக்குக் கால் நொடி முந்தி முடித்துவிட்டாள். முந்தக்கூடாது. முந்துவது இந்தத் தொழிலில் பிந்துவதைவிடப் பெரிய பிழை. மூன்றாம் வரிசையில் உதடு அசைந்தது. அவரும் கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு பிரிவு, மூன்று வாய்.

பக்கத்துக் கதிரையிலிருந்து நஸ்மியா ஒரு துண்டுக் கடதாசியை நகர்த்தினாள். இருபது நிமிடத்துக்கு ஒருவராக இருவரும் மாறிமாறிப் பேசுவது வழக்கம். மாதுமையின் முறை இரண்டு நாற்பதுக்கு முடியும், மணிக்கூட்டின் சிவப்பு எண்கள் இரண்டு முப்பத்தொன்று என்றன. பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று போகிறார் மனிதர். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பதினொன்று அவளுடைய முறையில்தான் விழும். துண்டில், "11 நான் எடுக்கவா அக்கா?" என்றிருந்தது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பிரதியை வாசித்தபோதே நஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாவே. ஒங்கட வாப்பாட காதுக்குள்ள இதையா செல்லப்போறீங்க? கொஞ்சம் மெதுவாக்கிப் போடுங்களேன். வெகுளிகள் எண்டு சென்னா ஆரு வந்து கேக்கப்போறா?" "அவர் அப்பிடி எழுதேல்லையே நஸ்மியா." "எழுதல்லதான். ஆனா வாப்பா ஒங்கடதானே, அவர்ட இல்லையே." அந்தக் கோப்பை ஆறிப்போனது. இந்தப் பருவத்துக் கருத்தரங்குகளுக்கு ஏற்பாட்டாளர்கள் நிரந்தரமாக இரண்டு உரைபெயர்ப்பாளர்களை எடுக்கப்போகிறார்கள், இன்றைக்குக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும். மாதுமை துண்டைப் பார்த்தாள். தலையாட்டினாள், வேண்டாம். ஏன் வேண்டாம் என்றாள் என்று வாய் எட்டாம் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன்னைக் கேட்டாள். வேறு ஒரு குரல் அவரிடம் அதைச் சொல்வதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதுதான். அடிக்கிறதென்றால் வீட்டு ஆளே அடிக்கட்டும்.

அந்த வசனம் இதுதான்: இருபத்தொன்பதாம் பிரிவை நம்பித் தங்கள் வாழ்க்கையை அதன்மேல் கட்டியவர்கள், மரியாதையோடு சொல்கிறேன், முட்டாள்கள், பூட்டில்லாத கதவுக்குக் காவல் இருந்தவர்கள். நல்ல வசனம். அதுதான் கொடுமை, நல்ல வசனம். எழுதியவனுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியும், அறுபதுகளின் தொடக்கத்தில் இருபத்தெட்டு வயது கிளாக்கர் சபாநடேசன், அவளுடைய அப்பா, சிங்களத் தேர்ச்சிச் சோதினைக்குப் போய் என்ன செய்தார் என்று. குருநாகலில் ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அறையில் கூட இருந்தவரோடு சிங்களத்தில் சீட்டு விளையாடுவார், சிங்களத்தில் ஏசுவார். ஆனால் அந்த மொழி தெரிந்தால்தான் உத்தியோகத்தில் உயரலாம் என்று ஆட்சி சொன்னபோது, எனக்கு விதிக்கிற இந்தத் தடை சிங்களவனுக்கு இல்லையே என்றார். மற்றவர்கள் சிலர் படித்துப் பாஸ் பண்ணினார்கள், சிலர் சோதினைக்குப் போகவேயில்லை. இவர் போனார். வினாத்தாளைத் தொடாமல், விடைத்தாளில், அச்சுக் கோத்தது போன்ற சிங்களத்தில் இருபத்தொன்பதாம் பிரிவை முழுவதும் எழுதினார். அடியில் ஒரு வரி: இந்த மொழி எனக்குத் தெரியும், என் விருப்பத்தில் கற்றேன், உங்கள் கட்டாயத்தில் எழுதமாட்டேன். கையெழுத்து, திகதி. வேலை போகும் என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு மாதத்தில் கடிதம் வந்தது, சோதினையில் சித்தியடைந்துவிட்டாராம், பாஸ். திருத்தியவர் யாரோ, அவரும் ஒரு மனிதர், எழுத்தைப் பார்த்துச் சந்தோசத்தில் புள்ளி போட்டாரோ, இந்தப் பொடியன் பிழைத்துப் போகட்டும் என்று போட்டாரோ. அப்பா அந்தச் சித்திக் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். மேலதிகாரி கூப்பிட்டு, "சபாநடேசன், பாஸ் எண்டு வந்திட்டுது, வாயை மூடிக்கொண்டு போம்" என்றாராம். "சேர், கேட்ட கேள்விக்கு நான் விடை எழுதேல்லை. எழுதாத விடைக்குப் புள்ளி போட இடமில்லை." அவ்வளவுதான், வேலையில் சேர்ந்த படியிலேயே இருந்து, அவள் பிறப்பதற்கு முந்தின வருடம் அதே படியிலிருந்து இறங்கி, வேலையை விட்டு வீட்டுக்கு வந்தார். அம்மா சாகும்வரை சொல்லுவா, "பாஸ் பண்ணின சோதினையை வேண்டாமெண்டு எழுதின ஒரே மனிசன் இந்த இலங்கையிலை இவர்தான். கலியாணத்துக்கு முதல் இதை எனக்கு ஆராவது சொல்லியிருந்தால் நான் ஓமெண்டிருப்பனோ?" சொல்லிவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்ப்பா. அவர்கள் சிரிக்காவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும், அவரைப் பார்த்து அதிசயப்படாவிட்டால் அதைவிடக் கோபம் வரும்.

ஒன்பது. பத்து. பேராசிரியர் வேகமெடுத்தார், அவளும் எடுத்தாள், வழக்குகள், கடல் கடந்து லண்டனிலிருந்த கோமறைக் கழக நீதிமன்றம் வரைக்கும் போன வழக்குகள், அந்த நீதிபதிகள் எவ்வளவு நயமாக ஒதுங்கிக்கொண்டார்கள் என்பது. நான் சொல்கிறேன், நான் கேட்கிறேன், நான் நினைக்கிறேன். உரைபெயர்ப்பாளருக்குச் சொந்தமாக ஒரு நான் கிடையாது, யார் பேசுகிறாரோ அவர்தான் நான். லண்டனில் அகதி மனு விசாரணைகளில் அவள் நூறு ஆண்களின் நான் ஆக இருந்திருக்கிறாள். நான் ஓடினேன், என்னைக் கட்டினார்கள், நான் இரண்டு நாள் தண்ணீர் குடிக்கவில்லை. ஒருதடவை ஒரு பெடியன் அழுதபோது நீதிபதி அவளைப் பார்த்து, அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவள் அவனிடம் கேட்டாள், அவன் வேண்டாம் என்றான், எனக்கு வேண்டாம் என்று அவள் சொன்னாள், அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, அதில்தான் அந்த ஆட்களின் உயிர் இருந்தது, அவளுடைய கர்வமும் இருந்தது. கர்வம்தான், வேறு சொல் இல்லை. அப்படியானால் இன்றைக்கும் குறைக்கமாட்டாள். முட்டாள்கள் என்றால் முட்டாள்கள். குரலைத் தாழ்த்தமாட்டாள், இருமமாட்டாள், அவர் பக்கம் பாராமலும் விடமாட்டாள். பக்கம் திரும்பியது. பதினொன்று. மேலே ஆறு வரி, பிறகு அது. ஐந்து வரி. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போடக் கையை நீட்டுகிற பிள்ளை போல உடம்பு முழுவதும் அந்த ஒரு இடத்துக்கு வந்து நின்றது. மூன்று. இரண்டு. பேராசிரியர் வரியை முடித்தார், நிறுத்தினார், தண்ணீர்க் கிளாசை எடுத்தார். அவள் நிறுத்தவில்லை. கண் கடதாசியில் இருந்தது, வாய் தயாராக இருந்தது, சொல்லிவிட்டாள். முழுதாக, தெளிவாக, ஒரு எழுத்துப் பிசகாமல். மரியாதையோடு சொல்கிறேன், முட்டாள்கள். பூட்டில்லாத கதவுக்குக் காவல் இருந்தவர்கள். சொல்லி முடித்து மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். அப்பாவின் தாடைத் தசை அசைந்தது. பிறகு அவள் வாழ்நாளில் எதிர்பாராதது, அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, வலது கையை நேரே உயர்த்தினார். அதே நேரம் பேராசிரியர் கிளாசை வைத்துவிட்டு அடுத்த பந்தியைத் தொடங்கினார். அவளுடைய காதுக்குள் இந்தப் பிரிவை நீக்கிய விதம் என்று ஆங்கிலம் வந்தது. அந்த வசனம் வரவில்லை. அவர் அதைச் சொல்லவேயில்லை.

நஸ்மியாவின் பேனை ஓடியது. "விட்டாரா??" அதன் கீழே, "விடுங்க. ஒருத்தரும் கவனிக்கல்ல." உண்மைதான். ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்கு அது இல்லை, தமிழில் கேட்ட நாற்பது பேருக்கு அது இருந்தது, இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று கேட்டுச் சரிபார்க்கப்போவதில்லை. வாய் அடுத்த பந்தியைப் பிடித்துக்கொண்டது. விடலாம். ஆனால் அப்பாவின் அந்தக் கை இறங்கவில்லை. கேள்வி நேரம் வரும்வரை அப்படியே வைத்திருப்பார், அவருக்கு அது பெரிய காரியமில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, அந்த வசனத்துக்கு, சொல்லாத வசனத்துக்குப் பதில் சொல்லுவார். பேராசிரியர் மரியாதையாகச் சிரித்து, ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லையே என்பார். மண்டபம் திரும்பிப் பார்க்கும். பாவம், வயசு போய்விட்டது, காது கேட்கவில்லை என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பார்கள். அவர் தன் காதை நம்புவாரா, மகளின் வாயை நம்புவாரா? மகளின் வாயைத்தான். அதற்காகத் தன் காதுதான் பிழை என்று ஒப்புக்கொண்டு இருந்துவிடுவார். ஒரு நாளும் எதையும் ஒப்புக்கொள்ளாத மனிதர். திருத்தினால் நிரந்தர வேலை போகும், போகட்டும். ஆனால் பிழை விட்ட மகளை அல்லவா அவர் இன்றைக்குக் கேட்கப்போகிறார், பஸ் ஏறி வந்து. ஒரு வசனத்தளவு நேரம் இதெல்லாம் ஓடியது, அதற்குள் அவள் இன்னொரு வசனத்தையும் உரைபெயர்த்து முடித்துவிட்டாள். பேராசிரியர் மூச்செடுத்த இடத்தில், மைக்கை இன்னும் கிட்ட இழுத்தாள். "உரைபெயர்ப்பாளரின் திருத்தம்" என்றாள். அப்படித்தான் சொல்லவேண்டும், தன்னைப் பற்றிப் பேசும்போது கூட நான் என்று சொல்ல இடமில்லை. "முட்டாள்கள், பூட்டில்லாத கதவு என்று உங்களுக்குக் கேட்ட வசனத்தைப் பேச்சாளர் சொல்லவில்லை. அது எழுத்துப்பிரதியில் இருந்தது. உரைபெயர்ப்பாளர் பேச்சைக் கேளாமல் கடதாசியை வாசித்துவிட்டார். தவறு உரைபெயர்ப்பாளருடையது." நாற்பது தலைகளில் பாதி கண்ணாடிப் பக்கம் திரும்பின. அப்பா திரும்பவில்லை. உயர்த்திய கையைப் பார்த்தார், ஏதோ கடையில் எடுத்த சாமானை விலை கேட்டுத் திருப்பி வைக்கிறவர் போல, மெதுவாக இறக்கி மடியில் வைத்தார். அந்தச் சிரிப்பும் இறங்கியது. அப்போதுதான் மாதுமைக்கு விளங்கியது, அவருக்கு அது அடி இல்லை. அறுபது வருடமாக யாராவது முகத்துக்கு நேரே அதைச் சொல்லமாட்டார்களா என்று இருந்திருக்கிறார். எல்லோரும் அவரை மதித்தார்கள், அனுதாபப்பட்டார்கள், கதை கேட்டுச் சிரித்தார்கள். ஒருவரும் எதிர்த்து வாதாடவில்லை. இன்றைக்கு ஒருவன் வந்தான், அவனையும் அவள் திருத்தி அனுப்பிவிட்டாள்.

தலைமை வகித்த பெண்மணி ஒரு காதில் தமிழ் கேட்கும் ஹெட்போன் போட்டிருந்தார். அவர் சாய்ந்து பேராசிரியரிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. பேராசிரியர் நிறுத்தினார். கூண்டைப் பார்த்தார். சரி, முடிந்தது, என்று மாதுமை நினைத்தாள், இருபத்திரண்டு வருடத்தில் முதல்தடவை மேடையிலிருந்து ஏச்சு, அதையும் நானேதான் தமிழில் சொல்லவேண்டும். நஸ்மியா மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். பேராசிரியர் பேசத் தொடங்க அவளும் தொடங்கினாள், அரை மூச்சு பின்னால், ஒரு சொல் முந்தாமல். "நான் சொல்லாத ஒரு வசனம் உங்களில் சிலருக்குக் கேட்டதாம். அதை எழுதியது நான்தான். இன்று மத்தியானம் இந்த மண்டபத்துக்குள் வந்து, முன்னால் இருக்கும் நரைத்த தலைகளைப் பார்த்ததும் வெட்டிவிட்டேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், உங்களுக்குப் பதில் சொல்லும் வசதியைத்தான் வெட்டியிருக்கிறேன். ஆகவே எழுதியதைச் சொல்கிறேன்." கடதாசியை எடுத்து அவர் வாசித்தார். மாதுமை தன் முன்னாலிருந்த பிரதியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் கேட்டுச் சொன்னாள். கட்டியவர்கள் என்றாள். மரியாதையோடு என்றாள். முட்டாள்கள் என்றாள், முன்னே சொன்ன அதே சொல்லை, அப்பாவின் பாதி முகத்தைப் பார்த்தபடி. காவல் இருந்தவர்கள் என்று அவள் முடிக்குமுன் கை மேலே போய்விட்டது. தலைமைப் பெண்மணி பேராசிரியரைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். "சரி, கேள்வி நேரம் வரட்டும் எண்டு இருக்கத் தேவையில்லை. ஐயா, சொல்லுங்கோ" என்றார் அந்தப் பெண்மணி.

மணி இரண்டு நாற்பத்தொன்று. நஸ்மியாவின் முறை வந்துவிட்டது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் பொத்தானுக்கு அவள் கை நீட்ட, மாதுமை இருமல் பொத்தானை அமத்தி மைக்கை ஒரு நொடி ஊமையாக்கினாள். "நான் செய்யிறன்." "அக்கா, ஏலுமா ஒங்களுக்கு?" "ஏலும்." பொத்தானைத் தானே மாற்றினாள். இனிப் பேராசிரியரின் காதுக்குப் போகப்போவது அவளுடைய ஆங்கிலம். மூன்றாம் வரிசையில் அப்பா முன் கதிரையின் முதுகைப் பிடித்து எழுந்தார். நேரானார். சேட்டின் நுனியை இழுத்துச் சரி செய்தார். மைக் பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் கையில் வந்துகொண்டிருந்தது, அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. உதடு அசைகிறது, விரல் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறது, முன்வரிசைக்காரர் ஒருவர் அதற்குள் சிரித்தும்விட்டார். என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். விடைத்தாள், சித்தி, திருப்பி அனுப்பிய கடிதம், எந்த வசனத்துக்குப் பிறகு எந்த வசனம், எங்கே நிறுத்துவார், எங்கே குரலை உயர்த்துவார், எல்லாம் தெரியும். நாற்பத்தெட்டு வருடமாகக் கேட்டது, அதன் ஆங்கிலம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. இப்போதே வாயைத் திறந்துவிட்டால் ஒருவரும் பிழை சொல்லமாட்டார்கள். மேடையில் பேராசிரியர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, ஒன்றும் கேளாமல் கூண்டைப் பார்த்தார். பேசுபவர் மைக்கில் பேசவில்லை, தயவுசெய்து பொறுக்கவும், என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அப்பாவின் உதடுகளைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்தி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இன்றைக்கு அவர் எதைச் சொல்கிறாரோ அதைத்தான் சொல்வாள். மைக் வர இன்னும் நாலு கதிரை இருந்தது.